கேட்காமல் ஒதுக்கிய இடம்

1

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, அலுவலக கேன்டீனில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். இந்த டப்ளின் நிறுவனத்தில் நான் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிவிட்டதாம். எனக்கே அது நினைவில்லை. கணினி நினைவு வைத்திருந்து எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது.

என் மேலாளர் டெக்லன் காகிதத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே பேசினார். இங்கே யார் எந்த வேலையில் இருக்க வேண்டும் என்பது மீனாவுக்குத் தெரியும், அவள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கேக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முத்துலெட்சுமி தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லல்காரி. என்னை விட்டால் அந்த அலுவலகத்தில் இருக்கும் ஒரே தமிழ்ப் பெண். அவள் எழுந்து வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு அன்றைக்கு வேலையே இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் நான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்கு முந்தின நாள்தான் தெரிந்திருந்தது.

மதியம் அம்மா காரைக்குடியிலிருந்து கூப்பிட்டாள். கேக் படத்தைப் பார்த்துவிட்டாள். "எங்க மக எல்லாருக்கும் வேலை பிரிச்சுக் குடுக்குற வேலையில இருக்கா" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாளாம். அன்றைக்கு அதைக் கேட்க முடியவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது அம்மாவைப் பார்த்தால் தயவுசெய்து ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் என்னால் விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. படித்தது சிவில் இன்ஜினியரிங். ஆனால் நான் கட்டடம் வரைவதில்லை. எங்கள் நிறுவனம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அடுக்குமாடி என்று கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, யார் எந்த வேலையில் எத்தனை மாதம் என்று ஒதுக்குவது நான்.

திங்கட்கிழமை காலையில் ஒரு கூட்டம். ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பான மேலாளர்கள் வந்து உட்காருவார்கள். எல்லோருக்கும் அதே நாலு நல்ல ஆட்கள்தான் வேண்டும். என் திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு வண்ணக் கோடு. கோடு நிரம்பியிருந்தால் அந்த ஆளுக்கு வேலை இருக்கிறது. கோடு வெள்ளையாக இருந்தால் வேலை இல்லாமல் பெஞ்சில் இருக்கிறார். நான் கோட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு இடத்தில் வைத்தால் ஒரு மனுஷருக்கு அடுத்த ஒரு வருடம் அங்கே என்று ஆகிவிடும். ஆரம்பத்தில் அது எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பயம் போய்விட்டது. அப்படிப் போனது நல்லதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பாவும் இதைத்தான் செய்தார். எங்களுடையது ஆசாரிமார் குடும்பம். அப்பா மரவேலையிலிருந்து கட்டட கான்ட்ராக்ட் எடுக்கும் பக்கம் வந்தவர். பழைய பெரிய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிற வேலைகள் காரைக்குடியைச் சுற்றி வர ஆரம்பித்தபோது அவருக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. தை மாதம் கிரகப்பிரவேசம் வைத்துவிட்டு மார்கழியில் எல்லா வீட்டுக்காரர்களும் அவசரப்படுவார்கள். டைல்ஸ் போடுகிறவர்களை மற்ற கான்ட்ராக்டர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா அதற்கு முன்னாலேயே அவர்கள் வீடுகளுக்கு வெற்றிலை பாக்கும் அச்சாரமும் கொண்டுபோய்க் கொடுத்து வைப்பார். வாங்கிக்கொண்டவர் வேறு இடத்துக்குப் போகக் கூடாது. அப்படியும் போவார்கள். அப்பா குன்றக்குடிக்குப் பாதயாத்திரை போகிற வழியில் அவர்களைப் பிடித்துச் சண்டை போடுவார். முருகனுக்கு முன்னால் வைத்துக் கேட்டால் பொய் சொல்ல மாட்டான் என்பது அவர் கணக்கு. அங்கேயும் பொய் சொன்னார்கள்.

இங்கே வெற்றிலை பாக்கு இல்லை. மின்னஞ்சல் இருக்கிறது. மற்றபடி சண்டை ஒன்றுதான்.

3

முத்துவை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். அலுவலக நடைவழியில் யாரோ போனில், "எங்குட்டு நிக்கிறீக? பஸ் ஸ்டாப்புக்கு இங்குட்டா அங்குட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கையில் காபியோடு அப்படியே நின்றுவிட்டேன். அவள் போனை வைத்ததும் நீங்க எந்த ஊர் என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் அவளுடைய பெரியப்பா மகன் எங்கள் காலேஜில் எனக்கு சீனியர் என்று கண்டுபிடித்துவிட்டோம். அன்றிலிருந்து நான் அவளுக்கு மீனாக்கா.

கட்டுமான வரைபடத்தில் அவள் கெட்டிக்காரி. அதைவிட வாய்க்காரி. ஈஃபா என்று ஒரு ஐரிஷ் பெண் எங்களோடு வேலை செய்கிறாள். அவள் பெயரை எழுத்தில் பார்த்து நான் ஒரு வாரம் அயோய்ஃபே என்று கூப்பிட்டேன். அந்தப் பெண்ணும் பாவம், திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்து இதைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டுவாள். "எங்க மீனாக்கா பேரு வச்சா அரசாங்கமே மாத்த முடியாது" என்பாள்.

அவள் மாசமானபோது ஊரிலிருந்து அவள் அம்மாவை வரவழைக்க விசாவுக்கு மனுப் போட்டார்கள். வங்கிக் காகிதம், பட்டா நகல், ரேஷன் கார்டு மொழிபெயர்ப்பு, சிவகங்கை கலெக்டர் ஆபீஸுக்கு அவள் தம்பி அலைந்து வாங்கிய சான்றிதழ் என்று கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுத்து ஒரு கடிதம் வந்தது. அவர் ஊருக்குத் திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய காரணம் தெரியவில்லையாம். முத்து அதை வாசித்துக் காட்டிவிட்டு, "எங்கம்மாவுக்குக் கல்லலுக்குத் திரும்பக் காரணம் இல்லையாம்க்கா. வீட்டுல நாலு மாடு நிக்கிறத இவுககிட்ட யாரு போயிச் சொல்றது" என்றாள். சிரித்தாள். பிறகு அழுதாள்.

அதனால் அம்மா செய்ய வேண்டியதை நான் செய்தேன். பூண்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, மிளகு ரசம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு டிராம் ஏறிப் போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மெதுவாக வேறு இருக்கைக்கு மாறுவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்தேன். முத்து தூங்கும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கணவன் பாண்டி கிடங்கு ஒன்றில் ராத்திரி ஷிப்ட். வேறு யாரும் இல்லை. இதை எல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு ஓர் உரிமை இருப்பதாக நான் நினைத்துக்கொண்டது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

என் மகள் யாழினிக்கு ஐந்து வயது. அவளுக்கு இந்த உரிமை எல்லாம் புரிவதில்லை. முத்துவைச் சித்தி என்று கூப்பிடு என்று எத்தனை முறை சொன்னாலும் முத்து என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் மூக்கைத் துடைத்துவிடுவதற்குக்கூட டீச்சர் அவளிடம் அனுமதி கேட்கிறார்களாம். நான் கேட்காமல் துடைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இங்கிலீஷில் கண்டிக்கிறாள். அம்மாவிடம் சொன்னேன். "மூக்கச் சிந்த ஒரு பெர்மிஷனா" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

4

தெற்கே ஒரு ஊரில் புதிய மருத்துவமனை. மூன்று வருட வேலை. எங்கள் நிறுவனத்துக்கு இவ்வளவு பெரிய வேலை கிடைத்து வெகுநாள் ஆகியிருந்தது. அதற்குக் கட்டுமான வரைபடத்துக்கு அனுபவமுள்ள இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டார்கள். யாரைப் போடலாம் என்று யோசிக்கவே தேவையில்லை. ஈஃபா, முத்துலெட்சுமி. இருவரும் பிரசவ விடுப்பு முடிந்து ஒரு மாத இடைவெளியில் திரும்பி வந்திருந்தார்கள்.

ஈஃபாவிடம் பேசுவதற்கு ஒரு சின்ன அறையைப் பதிவு செய்தேன். காபி வாங்கிக்கொண்டு போனேன். கைக்குழந்தை இருக்கிறது, தெரியும், ஆனாலும் இப்படி ஒரு வேலை வந்திருக்கிறது, உனக்கு விருப்பமா, எந்த மாதிரி இருந்தால் சரிப்படும் என்று கேட்டேன். அவள் கணவனிடம் பேசிவிட்டு மறுநாள் சொன்னாள். செய்கிறேன், ஆனால் வாரத்தில் ஒருநாள்தான் கட்டட வேலை நடக்கும் தளத்துக்குப் போவேன் என்றாள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

முத்துவிடம் நான் பேசவில்லை.

மறந்துபோகவில்லை. யோசித்துத்தான் விட்டேன். குழந்தை இன்னும் பால் குடிக்கிறது. முத்துவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. பாண்டிக்கு ராத்திரி வேலை. ரயிலில் மணிக்கணக்காகப் போய் வந்து இவள் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நினைத்தேன். அவளிடம் கேட்டால் சரி என்றுதான் சொல்வாள், மறுக்கத் தெரியாத பிள்ளை என்றும் நினைத்தேன். மறுக்கத் தெரியாது என்று நான் எப்படி முடிவு செய்தேன் என்று எனக்கு இப்போது தெரியவில்லை. அவள் நன்றாக மறுக்கக்கூடியவள்.

அவளுக்குப் பதிலாகப் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞனை மருத்துவமனை வேலையில் போட்டேன். முத்துவுக்கு நகரத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பள்ளிக்கூட மராமத்து வேலைகள். அலைச்சல் இல்லை. சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

டெக்லன் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். முத்துவிடம் பேசினாயா?

"அவளுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கு அவளைத் தெரியும்" என்று இங்கிலீஷில் சொன்னேன். பேசினேன் என்று சொல்லவில்லை. பேசவில்லை என்றும் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று எனக்குத் திருப்தியாக இருந்தது. இங்கே எனக்கு இருக்கிற சின்ன அதிகாரத்தை வைத்து நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு நல்லது செய்துவிட்டேன் என்று என் கணவர் செந்திலிடம் சொன்னேன். முத்துவிடம் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று இருந்தேன்.

5

ஆறு மாதத்தில் பள்ளிக்கூட வேலைகளுக்கு வர வேண்டிய நிதி நின்றுபோனது. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைத்தார்கள். என் திரையில் முத்துவின் கோடு வெள்ளையாகிக்கொண்டே வந்தது. எங்காவது ஒட்டவைக்கப் பார்த்தேன். நாலு நாள் இங்கே, ஒரு வாரம் அங்கே. பிறகு அதுவும் இல்லை.

அவளுடையது ஒப்பந்த வேலை. வருடம் முடிகிறபோது புதுப்பிக்க வேண்டும். நீண்ட வேலை எதிலும் இல்லாதவர்களுக்கு இந்த முறை புதுப்பிப்பதில்லை என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்காது. இங்கே வேலை அனுமதி நிறுவனத்தோடு பிணைந்தது. வேலை போனால் சில மாதத்துக்குள் இன்னொரு நிறுவனம் கிடைத்து, அவர்கள் மனுப் போட்டு, அது தேற வேண்டும். இல்லாவிட்டால் முத்து, பாண்டி, குழந்தை மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாண்டி இங்கே இருப்பதே அவளுடைய அனுமதியின் பேரில்.

கேக்குக்கு முந்தின நாள் புதன்கிழமை, அவள் என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டாள். எங்கள் அலுவலகத்தில் லிப்ட் இருப்பதால் படியில் யாரும் வரமாட்டார்கள்.

"அக்கா, டெக்லன்கிட்ட நேராவே போயிக் கேட்டேன். ஆஸ்பத்திரி வேலைக்கு என்னைய ஏன் போடலன்னு. நாந்தான் சின்ன வேலை போதும்னு சொன்னேனாம். நான் எப்பக்கா சொன்னேன்?"

டெக்லனிடம் நான் சொன்னதைச் சொன்னேன். பாப்பா இருக்கு, அங்குட்டும் இங்குட்டும் அலைய வேணாமேன்னுதான் முத்து, என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஈஃபாவுக்குப் பாப்பா இல்லையா?"

"இருக்கு."

"அவளையும் நீங்களா முடிவு பண்ணித்தான் போட்டீகளா?"

"இல்ல. கேட்டேன்."

"என்னைய ஏன் கேக்கல?"

அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். "நீ நம்ம புள்ளன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

முத்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நான் அசலூர்க்காரியா இருந்திருந்தா என்னையக் கேட்டிருப்பீக."

மேலே கதவு திறந்து யாரோ இறங்கி வந்தார்கள். எங்களைப் பார்த்து வானிலை பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். இருவரும் சிரித்துப் பதில் சொன்னோம். அவர்கள் போனதும் அவளும் போய்விட்டாள்.

6

காளியம்மா என்று அப்பாவிடம் ஒரு சித்தாள் இருந்தார். கலவை சுமப்பதில் அவருக்கு ஈடு இல்லை என்று அப்பா சொல்வார். அவருக்குக் குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பி வந்தபோது அப்பா வேறு ஆளை வைத்துவிட்டார். பச்சை உடம்பு, இன்னும் நாலு மாசம் வீட்டில் இரு என்று சொல்லி அனுப்பினார். அரிசி மூட்டை ஒன்றையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் காளியம்மா எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றார். நான் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். "அண்ணே, எனக்கு முடியலன்னு நான் சொன்னேனா? என் வாயால நான் சொன்னேனா? நீங்களா முடியலன்னு வச்சுக்கிட்டா நான் எங்குட்டுப் போறது" என்று தெரு கேட்கப் பேசினார். அம்மா காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. அப்பா உள்ளே வந்து, நல்லதுக்குச் சொன்னா எப்படிப் பேசுது பாரு என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நன்றி இல்லாத பொம்பளை என்று நினைத்தேன். பிறகு அவர் தேவகோட்டைப் பக்கம் வேறு கான்ட்ராக்டரிடம் போய்விட்டார்.

மாடிப்படியில் முத்து பேசிய நாளிலிருந்து கேட்டில் நின்ற காளியம்மாதான் எனக்கு முன்னால் நிற்கிறார். அப்பாவுக்குப் போன் செய்து, காளியம்மாவை ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

"எந்தக் காளியம்மா? நம்மகிட்ட எத்தனையோ பேரு வந்து போயிருக்காக" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டார். நல்லது செய்ததாக நினைக்கிற காரியங்கள் நினைவில் நிற்பதில்லை போலிருக்கிறது. டெக்லனிடம் நான் சொன்ன அந்த ஒரு வரியும், முத்து வந்து கேட்காமலிருந்தால் எனக்கு மறந்தே போயிருக்கும்.

7

அந்த வார இறுதி முழுக்க நான் டெக்லனிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஆட்களை ஒதுக்குகிற வேலைக்கு நம்பிக்கைதான் மூலதனம். ஒருவரைக் கேட்காமல் அவர் சார்பாகப் பேசினேன் என்று தெரிந்தால் பிறகு யார் என்னை நம்புவார்கள்? செந்தில் நல்லவர், எனக்காகத்தான் யோசித்தார். சொல்லித்தான் ஆகணுமா, வேறு எங்கேயாவது அவளுக்கு ஓர் இடம் பார்த்துப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்ததுதானே என்றார்.

எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மடிக்கணினியைத் திறந்து அவளை எங்கே செருகலாம் என்று தேடவும் ஆரம்பித்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. மறுபடியும் அவளைக் கேட்காமல் அவளுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்னால் டெக்லன் அறைக்குப் போனேன். முத்துலெட்சுமியை நான் கேட்கவே இல்லை, அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் சொன்னது என் சொந்த ஊகம், அதனால்தான் அவள் இந்த நிலையில் நிற்கிறாள் என்றேன். இங்கிலீஷில் சொன்னதால் ஓரளவு சொல்ல முடிந்தது. தமிழில் என்றால் பாதியில் நின்றிருப்பேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நீ சொன்னதால் நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது என் தப்பும்தான் என்றார். மருத்துவமனை வேலையில் இப்போது இடமில்லை, வேலை பழகிவிட்ட அந்த இளைஞனை எடுக்க முடியாது. ஆனால் அந்த மருத்துவமனைத் தளத்திலேயே இருந்து வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், யாரும் போக மாட்டேன் என்கிறார்கள் என்றார். தகரக் கூரை அலுவலகம், சேறு, மழை. அங்கேயே வீடு எடுத்துத் தங்க வேண்டும். கட்டடம் முடியும்வரை வேலை.

முடியாது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் முடியாது என்று என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். "கேட்கிறேன்" என்றேன்.

ஒரு சின்ன அறையைப் பதிவு செய்து முத்துவை அழைத்தேன். நடந்ததை எல்லாம் முதலில் சொன்னேன், டெக்லனிடம் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து. பிறகு வேலையைச் சொன்னேன். அதில் உள்ள கஷ்டத்தைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. உனக்கு விருப்பமா என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன்.

முத்து இங்கிலீஷில் பதில் சொன்னாள். குழந்தைகள் காப்பகம் பக்கத்தில் இருக்கிறதா, வீடு பார்க்க நிறுவனம் உதவுமா, அனுமதியைப் புதுப்பிக்கும் வேலையை எந்தத் தேதியில் தொடங்குவார்கள், இதை எல்லாம் எழுத்தில் தர முடியுமா என்று வரிசையாகக் கேட்டாள். நல்ல கேள்விகள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைக் குறித்துக்கொண்டேன். கடைசியில் எழுந்து, "தேங்க்ஸ், மீனா. யோசித்துச் சொல்கிறேன்" என்றாள்.

மீனா. இந்த ஊரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மேலாளர், காவலாளி, என் மகளின் டீச்சர் எல்லோரும். அந்த அறையில் அவள் சொன்னபோதுதான் அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.

8

அவள் ஒத்துக்கொண்டாள். பாண்டி அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டார். ஒரு வாரத்தில் வீடு மாறினார்கள். சாமான் கட்ட வரட்டுமா என்று செய்தி அனுப்பினேன். வேண்டாம், ஆள் சொல்லியாச்சு என்று பதில் வந்தது. யாழினி, குழந்தை எங்கே என்று இரண்டு நாள் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

முத்துவின் வேலையைப் பற்றித் தளத்திலிருந்து நல்ல வார்த்தைகள்தான் வருகின்றன. ஈஃபா ஒருநாள் தளத்துக்குப் போய்விட்டு வந்து, அங்கே முத்து ஃபோர்மேனையே விரட்டுகிறாள் என்று சிரித்தபடி சொன்னாள். நானும் சிரித்தேன். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது?

எனக்கு இப்போது வேலையில் பழைய வேகம் இல்லை. ஒரு கோட்டை நகர்த்துவதற்கு முன் அந்த ஆளுக்குப் போன் செய்கிறேன். சிலருக்கு இது எரிச்சல். இதெல்லாம் கேட்க வேண்டுமா, போட்டுவிடு என்கிறார்கள். கேட்டும் சில சமயம் தப்பாகப் போகிறது. செந்தில் நான் ரொம்ப யோசிக்கிறேன் என்கிறார். இருக்கலாம். முன்பு யோசிக்காத இடத்தில்தானே இப்போது யோசிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது சமாதானமாக இல்லை.

போன வாரம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு மேலாளர் புது வேலை ஒன்றுக்கு முத்துலெட்சுமி வேண்டும் என்றார். மாதத்தில் ஒரு வாரம் டப்ளினுக்கு வந்து போனால் போதும், வருவாளா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று மதியமே செய்தி அனுப்பினேன். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று முதலில் எழுதினேன். இந்தக் கேள்வியோடு அதைச் சேர்ப்பது சரியில்லை என்று தோன்றி அழித்துவிட்டு வேலையை மட்டும் கேட்டேன். சாயங்காலம் ஒரே வரியில் பதில் வந்தது. வர இயலாது, தளத்தில் வேலை இருக்கிறது.

நேற்றுக் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். அந்த மேலாளர் விடவில்லை. நீங்கள் இருவரும் ஒரே பக்கத்துக்காரர்கள்தானே, நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே என்றார்.

"அவள் பதில் சொல்லிவிட்டாள்" என்றேன். "அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது."